கயிறு எட்டும் தூரம்

கணவனைக் காணோம் என்று புகார் கொடுத்தவள், தடித்த அகராதி ஒன்றைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்நெஞ்சக்காரி என்று பக்கத்து வீட்டில் சொன்னது சரிதானோ என்று இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குத் தோன்றியது.

"இந்த நேரத்துலயும் வேலையா?"

"சும்மா இருந்தா பைத்தியம் பிடிச்சிடும் மேடம். போன் கம்பெனிக்குத் தமிழ்ச் சொல் எழுதிக் குடுக்கிறேன். 'டெதரிங்'ல வந்து நிக்குது."

"அப்படின்னா?"

"ஒரு போன்ல இருக்கிற நெட்டை இன்னொண்ணுக்குக் குடுக்கிறது. ஆனா பழைய அர்த்தம், மேயற மாட்டை முளையில கட்டுற கயிறு. வைக்கிங் கடலோடிங்க பேச்சுலேர்ந்து வந்ததாம்."

மேசை மேலிருந்த லேப்டாப்பைக் காட்டினாள். "என்கிட்ட இருக்கிறது பட்டன் போன். இதுக்கு நெட் அவர் போன்லேர்ந்துதான் வரணும். தெருமுனைக்குப் போனாலே கட் ஆயிடும். 'என் கயிறு எட்டுற வரைக்கும்தான் நீ மேயலாம்'னு கேலி பண்ணுவார். அவர் போனதுலேர்ந்து என் மெயிலெல்லாம் போகாம கிடக்கு."

ஒரு வாரமாக அவளுக்காக ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்த கணவனின் தொழில் கூட்டாளி தொண்டையைச் செருமினார். "மனசைத் தேத்திக்கம்மா. அவனா இஷ்டப்பட்டுத்தான் போயிருக்கான்."

"சொல்லாம கடைக்குக்கூடப் போகமாட்டார்ண்ணா." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

கூட்டாளி எழுந்தார். முகம் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லிக் குளியலறைக்குள் போனார்.

சற்றைக்கெல்லாம் அவளுடைய பட்டன் போன் கிணுகிணுத்தது. கணவனின் எண். 'என்னைத் தேடாதே. வெகுதூரம் வந்துவிட்டேன். இனி திரும்ப மாட்டேன்.'

இன்ஸ்பெக்டர் வாங்கிப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். ஆள் உயிரோடு இருக்கிறான், விட்டுவிட்டு ஓடியிருக்கிறான். இனி இதில் போலீஸுக்கு வேலையில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

குளியலறைக் கதவு திறந்தது. "என்னாச்சும்மா?" என்றார் கூட்டாளி, ஈர முகத்தோடு.

அவள் அவரைப் பார்க்கவில்லை. லேப்டாப் திரையில், தேங்கிக் கிடந்த மெயில்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இன்ஸ்பெக்டரின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"நெட் வந்திருக்கு மேடம்."