ஐம்பதாம் ஆண்டுக் கூடாரம்

அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் பழைய மாணவர் சந்திப்பு. படிப்பை முடித்த ஆண்டுவாரியாகக் கூடாரங்கள். வாசலில் நின்ற பெண், உள்ளே வந்த ஆல்டனின் நரையைப் பார்த்ததுமே, "ஐம்பது வருஷம் ஆனவங்க அந்தப் பக்கம் சார்" என்றாள்.

"சரிம்மா" என்று சிரித்துக்கொண்டே போனார் ஆல்டன்.

உள்ளே ஒருவர் அவரைக் கட்டிக்கொண்டார். "டேய், உன்ன தினமும் சாப்பாட்டுக்கூடத்துல பார்ப்பேனே! நம்ம செட்டுதானே நீ?"

"பார்த்திருப்பீங்க சார். உங்களுக்கு முட்டை பொரிச்சுப் போட்டவன் நான்."

கட்டிக்கொண்டவரின் கை தானாக விலகியது. "அப்புறம் இங்க எப்படி?"

அதற்குள் அந்தப் பெண் ஓடிவந்தாள். "மன்னிச்சிடுங்க சார்! உங்க பேரு படிச்சு முடிச்சு அஞ்சு வருஷம் ஆனவங்க பட்டியல்ல இருக்கு. நீங்க வராம கேக் வெட்ட மாட்டேங்கிறாங்க."

ஆல்டன் தொப்பியைச் சரிசெய்தார்.

"வயசானவங்களையும் சேர்த்துக்கிறாங்களே, அந்தப் பிரிவுல பின்னாடி சேர்ந்து படிச்சேன் சார். வரட்டுமா? எங்க செட்டுப் பசங்க காத்திருக்காங்க."