பத்து மதிப்பெண் கேள்வி

"மாமா, தேர்வுக் குழுத் தலைவி நாற்காலியில யாருன்னு பார்த்தீங்களா? செத்தோம் நாம!"

மருமகன் காதைக் கடித்ததும் முதலாளி நிமிர்ந்து பார்த்தார். அவளேதான்! பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவர் வேலையை விட்டுத் துரத்திய பெண்.

அப்போது அவர் அரசு விண்வெளி நிறுவனத்தில் இயக்குநர். அவள் தரைநிலையத்தில் கட்டளை அனுப்பும் பொறியாளர். அவர் வடிவமைத்த விண்கலம் பாதை மாறித் தொலைந்துபோக, "இந்தப் பொண்ணு தப்பான கட்டளையை அனுப்பிட்டா" என்று ஒரு மாதம் கழித்து நடந்த விசாரணையில் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்துவிட்டார். அவளுக்கு வேலை போனது, பெயர் கெட்டது. அந்தக் கவலையில் படுத்த அவள் அப்பா எழுந்திருக்கவே இல்லை.

அவரோ ஓய்வு பெற்ற கையோடு கம்பெனி ஆரம்பித்தார். தன் பழைய வடிவத்தைக் கொஞ்சம் தட்டிக்கொட்டி, ஆளில்லா விண்கலங்கள் செய்து விற்றார். துரத்திவிட்டவளை ராணுவம் கூப்பிட்டு வேலை கொடுத்த கதை அவருக்கு எங்கே தெரியும்!

ராணுவமும் விண்வெளி நிறுவனமும் இதுவரை தனித்தனியாகத்தான் கலம் வாங்கின. இனிமேல் இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கலம், ஒரே கம்பெனியிடம் என்று முடிவாகிவிட்டது. இன்று அதற்கான தேர்வு. ஜெயித்தவருக்குப் பத்து வருஷம் வேலை, தோற்றவர் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான்.

"வாங்க சார், சௌக்கியமா? முதல்ல தண்ணி குடிங்க," என்றாள் அவள். அப்படி ஒரு சிரிப்பு! முதலாளி டம்ளரைத் தொடவே பயந்தார்.

அவளுக்கு இந்தப் பக்கம் ராணுவக் கர்னல், அந்தப் பக்கம் விண்வெளி நிறுவனத்தின் இன்றைய இயக்குநர். கேள்விமேல் கேள்வி வந்தது. முதலாளி இரண்டு இடத்தில் தடுமாறினார். கர்னல் முகம் சுளித்தபோதெல்லாம், "சார் சொல்ல வர்றது புரியுது, மார்க் போட்டுடலாம்," என்று அவளே கைகொடுத்தாள்.

'அட, இவ்வளவுதானா!' முதலாளிக்கு மூச்சு சீரானது. 'இன்னும் என்னை இயக்குநர்னே நினைச்சுப் பயப்படுறா. மக்கு!'

பலகையில் போட்டிக் கம்பெனிக்கு எண்பத்து நாலு. இவருக்கு எழுபத்தாறு. பாக்கி இருந்தது ஒரே கேள்வி, பத்து மார்க்.

"உங்க கலம் எப்பவாவது பழுதாகியிருக்கா? ஆகியிருந்தா காரணம் என்ன, எப்படிச் சரி பண்ணீங்க?" என்று படித்தார் இன்றைய இயக்குநர். "இந்தக் கேள்வி இருந்தே ஆகணும்னு மேடம்தான் ஒத்தக்கால்ல நின்னாங்க. ரெண்டு வருஷச் சண்டை!"

"போட்டிக் கம்பெனி, 'எங்க கலம் பழுதானதே இல்ல'ன்னாங்க. முட்டை போட்டேன்," என்றார் கர்னல். "அடிபட்டுத் தேறின கலம்தான் சார் எங்களுக்கு வேணும். பதிலை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

மருமகன் மேசைக்கடியில் தொடையைக் கிள்ளினான். "மாமா, பத்து மார்க்! விட்டுடாதீங்க!"

விடுவாரா? முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இருக்கு சார், இல்லாம என்ன! இந்த வடிவத்துல நான் செஞ்ச முதல் கலத்துல எரிபொருள் வால்வு சிக்கிக்கிச்சு. தரையிலேர்ந்து கட்டளை சரியாத்தான் போச்சு, வால்வுதான் திறக்கல. இப்போ வால்வையே புதுசா மாத்திட்டோம். இனிமே சிக்கவே சிக்காது."

"காரணத்தை எத்தனை நாள்ல கண்டுபிடிச்சீங்க?" கர்னல் ஆர்வமாகக் கேட்டார்.

"மூணே நாள்ல!" மூன்று விரலை நீட்டினார் முதலாளி.

"அதையும் சேர்த்து எழுதுங்க சார்," என்றாள் அவள், பேனாவை நீட்டி. "அந்தக் கலத்தோட நம்பரையும் போட்டுடுங்க. ஃபாரத்துல கேட்டிருக்கு."

முதலாளி பரபரவென்று எழுதினார். அடியில் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டார். கர்னல் பத்துக்குப் பத்து என்று பலகையில் எழுத, மொத்தம் எண்பத்தாறு ஆனது. மருமகன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"வாழ்த்துக்கள் சார்," என்றாள் அவள். இப்போது அந்தச் சிரிப்பைக் காணோம். பைக்குள்ளிருந்து நைந்துபோன ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்து, கர்னலுக்கும் இயக்குநருக்கும் தெரியும்படி அவருடைய பதிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். விசாரணையில் அவர் எழுதிக் கொடுத்த சத்தியம். இரண்டிலும் அதே கலத்தின் எண், அதே வளைந்த கையெழுத்து.

இயக்குநர் இரண்டையும் படித்துவிட்டு மெல்ல மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கர்னல் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். முதலாளி தண்ணீர் டம்ளரைத் தேடினார், கை பட்டு அது கவிழ்ந்தது.

அவள் குனிந்து அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அப்போ, நான் அனுப்பின கட்டளை சரிதானே சார்?"