நாவலைப் படித்தவர்

சிரிப்பதற்குக்கூட அரசாங்க அனுமதி வேண்டும் என்கிற ஒரு நாட்டைப் பற்றிய நாவலைப் படமாக்கியிருந்தார்கள். காட்சி முடிந்ததும் தியேட்டர் வாசலில் காரசாரமான வாக்குவாதம்.

"படம் பிரமாதம்!" என்றாள் கல்லூரி மாணவி.

"போம்மா! நாவலைக் குதறி வச்சிருக்காங்க. நான் ரெண்டு தடவை படிச்சவன்" என்றார் கண்ணாடிக்காரர்.

பக்கத்தில் நின்ற தாடிக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நாவல்ல முடிவு எப்படி சார்?"

கண்ணாடிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஹீரோ இப்படித் தப்பிச்சு ஓடமாட்டான். தண்டனையை வாசிக்கிற அதிகாரியே அடக்க முடியாம சிரிச்சுடுவான்!"

தாடிக்காரர் ஓட்டமும் நடையுமாகத் தெருமுனைக்கு வந்து, பதிப்பாளருக்குப் போன் போட்டார்.

"'பாதிக் கதையை வச்சுப் படமே வந்தாச்சு, நாவலை எப்பய்யா எழுதி முடிப்பே'ன்னு திட்டினீங்களே சார்? முடிவு கிடைச்சிடுச்சு. இனி அச்சுக்கு அனுப்பிடலாம்!"