வியாழக்கிழமைப் பள்ளம்

மோரீனின் கைப்பை அலறியது.

தலைமுடி உலர்த்தும் எந்திரத்தின் இரைச்சலையும் மீறி அந்தச் சத்தம் சலூன் முழுக்கக் கேட்டது. வரிசையாக உட்கார்ந்திருந்த நான்கு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

யாரும் என்னவென்று கேட்கவில்லை. மோரீனின் போன் அலறினால் டெரெக்கின் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் பாதி ஊருக்கு அது தெரியும்.

டெரெக் அவள் புருஷன். முன்னாள் பஸ் டிரைவர், எட்டு வருஷமாகச் சர்க்கரை நோயாளி. இடது புஜத்தில் காசு அகலத்துக்கு ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். அது அவன் சர்க்கரையை விடாமல் அளந்து, அவன் போனுக்கும் அவள் போனுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த நாட்டு அளவையில் நாலுக்குக் கீழே போனால் ஆபத்து; இரண்டு போனும் கூப்பாடு போடும்.

திரையில் மூன்று புள்ளி ஒன்று.

அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

எங்கேயோ நடுத்தெருவில் விழுந்து கிடக்கிறான். சர்க்கரை இறங்கினால் அவனுக்குக் கொடுக்கவென்று பையில் வைத்திருந்த ஜெல்லி மிட்டாய்ப் பொட்டலத்தை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அதற்குள் எண் நாலானது. கொஞ்ச நேரத்தில் ஐந்தரை. தானாகவே மேலே வந்துவிட்டது.

மோரீனுக்குப் பயம் போய்விட்டது. அது போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

அந்தக் கோடு அவளுக்குத் தெரியும். சட்டென்று பள்ளத்தில் இறங்கி, இறங்கிய வேகத்திலேயே ஏறும் கோடு. வீட்டில் எத்தனையோ ராத்திரிகளில் பார்த்ததுதான். சென்சார் ஒட்டிய கை அடியில் மாட்டும்படி ஒருக்களித்துப் படுத்தால் அது அமுங்கி, இல்லாத குறைவைக் காட்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

படுத்தால்.

பகல் இரண்டரை மணிக்கு டெரெக் எங்கே படுத்திருக்கிறான்? யாரோடு?

விரலால் கோட்டைப் பின்னோக்கித் தள்ளினாள். போன வியாழன், இதே நேரம், இதே பள்ளம். அதற்கு முந்தின வியாழனும். அப்போதும் போன் அலறியதுதான்; எண் உடனே ஏறியதால் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை சலூனில் பென்ஷன்காரர்களுக்குப் பாதி விலை. மோரீன் இரண்டு மணி நேரம் நாற்காலியை விட்டு நகர மாட்டாள். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் டெரெக், "வேப் கடைக்குப் போய்ப் புதுசா ஏதாவது வாசனை வந்திருக்கான்னு பார்த்துட்டு வர்றேன்" என்று கிளம்புவான்.

நாற்பது வருஷத்துச் சிகரெட்டை விடவைத்தது, வாசனை ஆவியை இழுக்கும் அந்த வேப் என்ற மின்சிகரெட்தான். அவனை முதல் நாள் அந்தக் கடைக்குக் கூட்டிப் போனவளே மோரீன்தான். "இவருக்குச் சர்க்கரை. இனிப்பா எதுவும் வேணாம்" என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

கடைக்காரி ஷெல்லி சிரித்தாள். முப்பது வயது, மூக்கில் வளையம். "இதை யாரும் குடிக்கப் போறதில்ல கண்ணு, வாசனைதான். எதுக்கும் உங்க நர்ஸை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. நிக்கோடினை மட்டும் நாம மெல்ல மெல்லக் குறைப்போம்."

அந்த ஊரில் கறிக்கடைக்காரன்கூட எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவான். ஆனால் டெரெக்கிடம் சொல்லும்போது ஷெல்லி அதைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னதாக மோரீனுக்குத் தோன்றியது.

அதிலிருந்து அவன் சட்டை, மஃப்ளர், மீசை எல்லாம் கஸ்டர்ட் வாசனை.

எட்டு வருஷமாக மோரீன் வீட்டில் கஸ்டர்ட் செய்ததில்லை. அவனுக்குச் சப்பென்ற ஓட்ஸ் கஞ்சி, அதையும் தராசில் நிறுத்துத்தான் கொடுப்பாள். இன்சுலின் ஊசியை எண்ணிவைப்பது அவள். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு ராத்திரிகூட அசந்து தூங்காமல் காவல் இருப்பது அவள். அவள் வேண்டாம் என்று தடுத்ததையெல்லாம் இன்னொருத்தி சின்னச் சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மனுஷன் வாசனை தேர்ந்தெடுக்க எத்தனை வியாழக்கிழமை வேண்டும்?

"ரோலரையாவது கழட்டிட்டுப் போ, மோரீன்!" சலூன்காரி பின்னாலிருந்து கத்தினாள். "அந்தக் கோலத்துல பார்த்தா டெரெக்குக்கு இருக்கிற சர்க்கரையும் இறங்கிடும்!"

மோரீன் காதில் வாங்கவில்லை. தலையில் பதினான்கு ரோலர்களும் கழுத்தில் ரோஜா நிறத் துணியுமாகத் தெருவில் இறங்கினாள். காற்றில் அந்தத் துணி கொடிபோலப் பறந்தது. மூன்று கடை தள்ளி ஷெல்லியின் கடை.

கதவைத் தள்ளிய வேகத்தில் மேலே கட்டியிருந்த மணி சுவரில் மோதியது.

கல்லாவில் ஆள் இல்லை. கண்ணாடி அலமாரி முழுக்க வண்ண வண்ணப் புட்டிகள். உள்ளே ஒரு திரைச்சீலை. அதன் கீழே டெரெக்கின் பூட்ஸ், ஜோடியாக, ஒழுங்காக. வீட்டில் ஒருநாளும் அவன் அப்படிக் கழற்றி வைத்ததில்லை.

திரை விலகியது. காலில் வெறும் சாக்ஸோடு, சத்தம் வராமல் ஷெல்லி வெளியே வந்தாள். கையில் டெரெக்கின் போன்.

"எங்க அவன்?" மோரீன் கேட்டாள். "அவனோட போன் உன் கையில எப்படி வந்துச்சு?"

ஷெல்லி ரோலர்களைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. உதட்டில் விரல் வைத்தாள்.

"மெல்லக் கண்ணு... கஸ்டர்ட் வாசனைதான் வேணும்னு அவரு முதல் வாரமே முடிவு பண்ணிட்டாரு, அப்புறம் இங்க வர்றதெல்லாம் தூங்கத்தான். கை அமுங்கி இது கத்துச்சுன்னா, நான் சத்தத்தை நிறுத்திட்டுக் கையை மட்டும் நகர்த்தி விட்டு, எண்ணு ஏறுதான்னு பார்த்துட்டிருப்பேன். உங்கள மாதிரி ராத்திரிக்கு நாலு தடவை உலுக்கி எழுப்பி உக்கார வெக்கிறதில்ல."