வலப்பக்கம் திரும்பும் இடம்

விமானச் சத்தம் கேட்டதும் செல்வராணி கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

மகன் மதிவாணன்தான். பெக்கான் நானாஸ் பக்கம் இவ்வளவு தாழ வேறு யார் வரப்போகிறார்கள்?

காலையில் லேசாக இருந்த புகைமூட்டம் இப்போது எதிரிலிருந்த அன்னாசித் தோட்டத்தையே மறைத்திருந்தது. மேலேயிருந்து நேர் கீழே பார்த்தால்தான் ஏதாவது தெரியும்.

அவன் இன்னும் பயிற்சி விமானிதான். கருவிகளைப் பார்த்து ஓட்டும் பாடத்துக்கு வரவில்லை. அதுவரை கண்தான் எல்லாம். பொந்தியான் கடற்கரையை விட்டால் அன்னாசித் தோட்டம், பிறகு அம்மா வீடு. அங்கே வலப்பக்கம் திரும்பினால் செனாய் விமான நிலையத்துக்கு வழி. திரும்பாவிட்டால் எதிரே பூலாய் மலை.

இதைக் கடைத்தெருவில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! தன் வீட்டைப் பார்த்து ஒரு விமானம் திரும்புகிறது என்றால் சும்மாவா?

சத்தம் தலைக்கு மேல் வந்தது. தாண்டிப் போனது. திரும்பி வந்தது.

தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆட்டினாள்.

மறுபடியும் அது சுற்றியபோது அவள் கணவர் காளியப்பன் வெளியே ஓடி வந்தார்.

“அந்த நீலத் தார்ப்பாயத் தேடுறான் லா! கூரைய மாத்துனத நீ அவன்கிட்ட சொன்னேதானே?”

செல்வராணி நிமிர்ந்து பார்த்தாள். புதுத் தகரம், பச்சை நிறம். ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். ஒழுகும் கூரைமேல் வருடக்கணக்கில் கிடந்த தார்ப்பாயைப் பார்த்தால் மானம் போகும் என்று முந்தாநாள்தான் மாற்றியிருந்தாள்.

துண்டை ஆட்டுவதை நிறுத்தினாள்.

கைபேசியில் கூப்பிட்டுப் பயனில்லை. அதை அணைத்துவிட்டுத்தான் விமானத்தில் ஏறுவான்.

கொல்லையில் மோட்டார் சைக்கிளுக்குப் போர்த்தியிருந்த அந்த நீலத் தார்ப்பாயை இருவரும் இழுத்து வந்து வாசலில் விரித்தார்கள். சுருங்காமல் இருக்க ஆளுக்கொரு பக்கம் மண்டியிட்டுப் பிடித்துக்கொண்டார்கள்.

சத்தம் இந்த முறை திரும்பி வரவில்லை. நேராகப் போனது. மலைப் பக்கம் மெலிந்துகொண்டே போய்ச் சட்டென்று நின்றது.

காளியப்பன் தார்ப்பாயை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்.

அவள் தன் பக்கத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

புதுக் கூரையை மேலேயிருந்து அவனே முதலில் பார்த்து அசந்துபோகட்டும் என்றுதான் அவனிடம் சொல்லாமல் வைத்திருந்தாள்.