இடது கை நிப்பு

என் சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர், தங்க நிப்பு வைத்த மைப்பேனாவில் இடது கையால் எழுதுவார்.

"மாமா கையெழுத்தப் பாருங்க, முத்து முத்தா! நீங்களும் எழுதுறீங்களே, கோழி கிண்டின மாதிரி" என்பாள் மனைவி.

எனக்கு வயிறு எரியும். அதே பேனாவை நானும் வாங்கினேன். கடைக்காரர் என் கண்முன்னேதான் சீல் வைத்த பெட்டியைப் பிரித்தார்.

வீட்டில் எழுதினால் காகிதத்தைக் கீறியது. மறுநாள் பேனா ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். லென்ஸில் பார்த்தார்.

"இடது கைக்காரர் வருஷக்கணக்கா எழுதித் தேய்ஞ்ச நிப்பு சார் இது."

"நேத்துதாங்க வாங்கினேன்!"

"சரி, உங்க கைக்கு ஏத்த மாதிரி தீட்டித் தரவா?"

வேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டு வந்தேன். இடது கையால் எழுதிப் பார்த்தேன். முத்து முத்தாக வந்தது. வாரம் முழுக்க அப்படியே எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை சகலை தனியாக வந்தார். முகம் வாடியிருந்தது.

"என் பேனா திடீர்னு கீறுது. உங்களோடதக் குடுங்க, எழுதிப் பார்க்கிறேன்."

பேனாவை இரவல் கொடுப்பவன் மூடியைக் கொடுக்கமாட்டான். அப்போதுதான் பேனா மறக்காமல் திரும்பி வரும். நானும் மூடியை வைத்துக்கொண்டுதான் கொடுத்தேன். அவர் வலது கையால் வாங்கி எழுதினார். கோழி கிண்டியிருந்தது.

மனைவி அவர் தோள்மேல் கைபோட்டு எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இவரு எந்தப் பேனாவுல எழுதினாலும் இப்படித்தான்."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க மட்டும் வந்திருக்கீங்க? அக்காவக் கூட்டிட்டு வரலையா, மாமா?"