காவலரைப் பார்த்தாலும்

மலைக்காட்டில் தாய்க் கொரில்லா ஒன்று தன் குட்டிக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தது.

“மனுஷனைப் பார்த்தா ஓடிடணும், கண்ணு.”

“கண்ணியிலேருந்து என் காலை எடுத்துவிட்டாரே, அந்த வனக்காவலர் மாமாவைப் பார்த்தாலுமா?”

“அவரைப் பார்த்தாலும்தான்.”

“நீ மட்டும் அவர் பக்கத்துல உட்கார்ந்து தழை தின்னியே. எனக்குத்தான் சட்டமாக்கும்.”

தாய் குட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டது. “உன் அண்ணன் அவர்னு நினைச்சுத்தான் துப்பாக்கிக்காரன்கிட்டப் போனான். தூரத்துலேருந்து எல்லாரும் ஒரே மாதிரிதாண்டா இருக்காங்க.”

அப்போது புதர் விலகியது. காவலர் வழக்கம்போல, கொரில்லாக்களின் பாஷையிலேயே, ‘நான்தான்’ என்று தொண்டையைக் கனைத்தார். குட்டி தாயின் முகத்தைப் பார்த்தது, பிறகு ஓடியது. காவலர் மறுபடியும் கனைத்தார். தாயின் வாய்வரை பதில் கனைப்பு வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, குட்டியின் பின்னாலேயே அதுவும் ஓடியது.